வாசலைப் பார்த்தால் போதுமா?

கோடை விடுமுறை முடிகிற சமயம். ஒரு கல்லூரி வாசல்.

தகப்பனார் கையில் மஞ்சள் பை. பைக்குள் மகளின் சான்றிதழ்கள். மகள் பி.காம். தேறியவள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. "கம்ப்யூட்டரில் ஒரு மேல்பட்டம் வாங்கிவிட்டால் நல்ல சம்பளம் கிடைக்கும்" என்று யாரோ சொல்லி இருக்கிறார்கள். பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

ஆபீஸ் ஜன்னலில் தகப்பனார் கேட்கிறார்: "எங்க பொண்ணுக்கு எம்.சி.ஏ.வில இடம் கிடைக்குமா, சார்?"

"கிடைக்கும். பணம் கட்டிவிட்டுப் போங்கள்."

தகப்பனார் முகம் மலர்கிறது. இதுபோன்ற காட்சியை ஒவ்வோர் ஆண்டும் எந்த ஊரிலும் பார்க்கலாம்.

அவர் கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி. "இந்தப் படிப்பை என் மகள் முடிக்க வேண்டுமானால் என்னென்ன வேண்டும்?" என்பது மீதிப் பாதி. அதை அவர் கேட்கவில்லை. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவரும் சொல்லவில்லை.

உள்ளே போக ஒரு விதி இருக்கிறது. வெளியே வரவும் ஒரு விதி இருக்கிறது. உள்ளே போகும் விதியைப் பலரும் விசாரிக்கிறார்கள். வெளியே வரும் விதியை விசாரிப்பவர் மிகச் சிலர். அந்த விதி தெரியாததால் எத்தனையோ குடும்பங்கள் பணத்தையும் காலத்தையும் இழக்கின்றன. ஆகவே இன்று அதைப்பற்றிப் பேசுவோம்.

ஈரோட்டுக்காரர் செய்த வேலை

எம்.சி.ஏ. என்ற படிப்பு எப்படி வந்தது தெரியுமா?

பேராசிரியர் வி. ராஜாராமன் என்று ஒருவர். 1933-ம் ஆண்டு ஈரோட்டில் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியராக இருந்தார். அங்கே 1963-ல் "ஐ.பி.எம். 1620" என்ற கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. 1965-ல் எம்.டெக். வகுப்பில் கம்ப்யூட்டர் பாடம் தொடங்கியது. அதற்கு முன்னின்று உழைத்தவர்களில் ராஜாராமன் முக்கியமானவர்.

நாட்டில் கம்ப்யூட்டர்கள் பெருகத் தொடங்கின. அவற்றை இயக்கவும், அவற்றுக்குப் புரோகிராம் எழுதவும் ஆள் வேண்டும். என்ஜினீயர்கள் மட்டும் போதாது. என்ன செய்வது என்று ஆராய மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் கமிஷன் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் இந்த ஈரோட்டுக்காரர்தான்.

1980-களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. நடைமுறைக்கு வந்தது. பி.எஸ்சி. படித்தவன், பி.காம். படித்தவள், என்ஜினீயரிங் கல்லூரியின் படி ஏறாதவர்கள், எல்லோருக்கும் கம்ப்யூட்டர் உத்தியோகத்துக்கு ஒரு வழி. மூன்று ஆண்டுப் படிப்பு. முதல் ஆண்டில் அடிப்படை. அதன்பின் மேல்பாடம்.

கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் நுழைய வேண்டும் என்பதற்காகவே திறந்த கதவு அது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன ஓராண்டு

2020–21-ம் கல்வி ஆண்டில் ஒரு மாறுதல் வந்தது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சில் எம்.சி.ஏ.வை இரண்டு ஆண்டுப் படிப்பாக ஆக்கியது. ஆங்கில எழுத்துகளில் ஏ.ஐ.சி.டி.இ. என்று சொல்கிறார்களே, அந்தக் கவுன்சில்தான்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பி.சி.ஏ.வும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்சும் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. அவற்றைப் படித்தவர்கள் நேரே எம்.சி.ஏ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து வந்தார்கள். அப்படி இருக்க, முதல் ஆண்டு எதற்கு என்று கேட்டார்கள். எடுத்துவிட்டார்கள்.

பி.சி.ஏ. படித்தவருக்கு இதனால் நஷ்டம் இல்லை. ஓராண்டுச் சம்பளமும் விடுதிச் செலவும் மிச்சம் என்று மற்றவர்களும் மகிழ்ந்தார்கள். அதுவும் உண்மைதான்.

ஆனால் நம் மஞ்சள் பைக்காரரின் மகளுக்கு? அவள் கணக்குப் பதிவு படித்தவள். கம்ப்யூட்டரில் ஒரு வரி புரோகிராம் எழுதியது இல்லை. முன்பு ஓராண்டில் மெதுவாகக் கற்றுக்கொள்ள வேண்டியதை இப்போது சில வாரங்களில் கற்க வேண்டும். அதே நேரத்தில் மேல்பாடமும் நடக்கும். பக்கத்துப் பெஞ்சில் பி.சி.ஏ. படித்த பையன் இருப்பான். அவனுக்குப் பாதிப் பாடம் பழைய பாடம். இவளுக்கு எல்லாமே புதுப் பாடம். இருவருக்கும் ஒரே கேள்வித்தாள்.

இதற்காக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதற்குப் "பிரிட்ஜ் கோர்ஸ்" என்று பெயர். பாலப் பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். தெரியாத அடிப்படையைத் தனியாகச் சொல்லித்தருவது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறதா? மாலை நான்கு மணிக்குமேல், பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நேரத்தில் வகுப்பு வைத்தால் அது என்ன பாலம்? பெயருக்குப் போட்ட பலகை!

நுழைய என்ன வேண்டும்?

முதலில், படிப்பின் வரிசை சரியாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பிறகு பிளஸ்-2, பிறகு மூன்று ஆண்டுப் பட்டம். இதைத்தான் "10+2+3" என்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமா படித்து, பிறகு பட்டம் வாங்கியவர்களுக்கும் வழி உண்டு. ஆனால் பிளஸ்-2வும் இல்லை, டிப்ளமாவும் இல்லை, நேரே திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டம் இங்கே கை கொடுக்காது. தமிழ்நாட்டு அரசு வேலைக்கும் அப்படிப்பட்ட பட்டம் செல்லாது என்று 2009-லேயே அரசாணை வந்துவிட்டது.

அடுத்தது மார்க்கு. பட்டப் படிப்பில் நூற்றுக்கு 50. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. "49.9 இருக்கிறது, 50 என்று எடுத்துக்கொள்வார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

மூன்றாவது, கணிதம். இங்கேதான் பலருக்குக் கால் இடறுகிறது.

பிளஸ்-2விலாவது பட்டப் படிப்பிலாவது கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது வெகுநாளைய விதி. பின்னர் மத்தியக் கவுன்சில் அதைத் தளர்த்தியது. கணிதம் படித்திருந்தால் நல்லது, படிக்காதவர் கட்டாயம் பாலப் பாடம் படிக்க வேண்டும் என்று மாற்றியது. ஆனால் மத்திய விதி தளர்ந்ததாலேயே எல்லா இடத்திலும் தளர்ந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. மாநிலமும் பல்கலைக்கழகமும் தங்கள் விதியைக் கடுமையாக வைத்துக்கொள்ளலாம். சேரும் ஆண்டில், சேரும் இடத்தில் என்ன விதியோ அதுதான் விதி.

பிளஸ்-2வில் வணிகக் கணிதம் படித்தவர்கள் நிறையப் பேர். அதுவும் "கணிதம்" என்ற கணக்கில் சேருமா? அந்த ஆண்டு அறிவிப்புப் புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்கும். அந்த வரியைக் கண்ணால் பார்க்க வேண்டும். "சேரும், சேரும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பக்கூடாது.

இதில் ஒரு வேதனை உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைக்கு வயது 15. எந்தக் குரூப் வேண்டும் என்று பள்ளியில் கேட்கிறார்கள். "கணக்கு கஷ்டம், வேண்டாம்" என்று பிள்ளை சொல்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் எந்தக் குரூப்போ அதே குரூப். ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு கதவு அதனால் சாத்தப்படும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? தாய் தகப்பனாருக்கே தெரியாதே! பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் பெரிய புண்ணியம்.

நான்காவது, நுழைவுப் பரீட்சை. தமிழ்நாட்டில் அதற்கு "டான்செட்" என்று பெயர். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. எம்.சி.ஏ.வுக்கு இரண்டு மணி நேரம், 100 கேள்விகள். சரியான விடைக்கு ஒரு மார்க்கு. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க்கைக் கழிப்பார்கள். ஆகவே தெரியாத கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போடக்கூடாது. வாங்கிய மார்க்கு அந்த ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். அடுத்த ஆண்டு சேர வேண்டுமானால் மறுபடி எழுத வேண்டும்.

அதன்பின் கவுன்சலிங். இதைக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி வழியாக நடத்தி வருகிறார்கள். இட ஒதுக்கீடு 69 சதவீதம். சாதிச் சான்றிதழ் இல்லாமல் போனால் பிள்ளை பொதுப் பிரிவில் நிற்கும். கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசில் போய் நிற்காமல் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி என்.ஐ.டி.யில் எம்.சி.ஏ. படிக்க டான்செட் உதவாது. அதற்கு "நிம்செட்" என்ற அகில இந்தியப் பரீட்சை எழுத வேண்டும். அங்கே கேட்கும் மார்க்கும் அதிகம்.

வேறு வழிகளும் உண்டு

கம்ப்யூட்டரில் மேல்பட்டம் என்றால் எம்.சி.ஏ. ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம்.

கலை அறிவியல் கல்லூரிகளில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் இருக்கிறது. அதுவும் இரண்டு ஆண்டு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர், பி.சி.ஏ. போன்ற படிப்பு முடித்தவர்களுக்கு ஏற்றது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. "எம்.சி.ஏ. என்றால்தான் மதிப்பு" என்று சொல்லி, அரசுக் கல்லூரி எம்.எஸ்சி. இடத்தை விட்டுவிட்டுக் கடன் வாங்கித் தனியாரிடம் போகிறவர்களைப் பார்க்கும்போது நமக்கு வருத்தமாக இருக்கிறது.

என்ஜினீயரிங் முடித்தவர்களுக்கு எம்.இ. அல்லது எம்.டெக். இதற்குத் தேசிய அளவில் "கேட்" என்ற பரீட்சை. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மார்க்கு. அதில் வாங்கிய மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கேட்டில் தகுதி பெற்று, அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேரம் படிப்பவருக்கு மாதம் ரூ.12,400 உதவித்தொகை என்ற ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கேட் இல்லாமல் எம்.இ. சேர விரும்புகிறவர்கள் 2023 முதல் தனியாக ஒரு நுழைவுப் பரீட்சை எழுதுகிறார்கள். முன்பு அதுவும் டான்செட்டுக்குள்ளேயே இருந்தது. இதைப் பழைய நினைவில் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள் சிலர்.

வெளியே வருவது எப்படி?

இனிமேல்தான் விஷயம். சேர்ந்தாகிவிட்டது. மாலை போட்டு அனுப்பிவிட்டீர்கள். பட்டம் எப்போது கிடைக்கும்?

இரண்டு ஆண்டு என்பது நான்கு செமஸ்டர். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை "கிரெடிட்" என்று வைத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம். பொதுவாக, வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம் வேலை செய்தால் ஒரு கிரெடிட். சிறுவாட்டுப் பணம் சேர்ப்பதுபோல் இவற்றைச் சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகம் சொன்ன மொத்தம் நிரம்பினால்தான் பட்டம். பாடத்தில் தேறினால் அதன் கிரெடிட் சேரும். தேறாவிட்டால் சேராது.

தேற எத்தனை மார்க்கு? பி.காம்., பி.எஸ்சி. படித்தபோது 40 எடுத்தால் பாஸ். மேல்பட்டத்தில் அப்படி இல்லை. 50 எடுக்க வேண்டும். இது சின்ன வித்தியாசமாகத் தோன்றும். 42, 44 என்று வாங்கித் தேறிப் பழகிய பிள்ளை முதல் செமஸ்டரில் அதே அளவு படிக்கிறது. அதே மார்க்கு வாங்குகிறது. ஆனால் இங்கே பெயில்!

பெயிலான பாடத்துக்கு "அரியர்" என்று பெயர். முதல் செமஸ்டரில் இரண்டு. இரண்டாவது செமஸ்டரில் புதுப் பாடங்களோடு அந்த இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். சுமை கூடுகிறது. மறுபடி ஒன்று போகிறது. வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் அரியருக்கு மேல் அரியர் ஏறுகிறது.

அடுத்து வருகை. நூற்றுக்கு 75 நாள் வகுப்பில் இருக்க வேண்டும். ஒரு செமஸ்டரில் சுமார் 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 22 நாள்தான் விடுப்பு எடுக்கலாம். அக்காள் கல்யாணம், ஊர்த் திருவிழா, ஒரு காய்ச்சல் என்றால் 22 நாள் பறந்துவிடும். உடம்புக்கு முடியாமல் போய், 65-க்குமேல் 75-க்குள் இருந்தால், டாக்டர் சான்றிதழும் அபராதமும் கட்டிப் பரீட்சை எழுத வழி உண்டு. அதற்கும் கீழே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். "வீட்டில் விசேஷம், ஒரு வாரம் வந்துவிட்டுப் போ" என்று மகளுக்குப் போன் போடும் தாய்மார்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியில் புராஜெக்ட். மாணவர் தாமே ஒரு வேலையை எடுத்துச் செய்து காட்ட வேண்டும். ஒரு மளிகைக் கடைக்குச் சரக்குக் கணக்கு, ஓர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிப் பதிவு, இப்படி எதுவும் இருக்கலாம். அதைப்பற்றி அறிக்கை எழுத வேண்டும். பரீட்சகர் முன் நின்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கம்பெனிக்குப் போய்ச் செய்தால் சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ தங்க வேண்டி வரலாம். அந்தச் செலவைச் சேரும்போது யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். புராஜெக்டைச் செய்து விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. பணம் கொடுத்தால் அறிக்கை, குறுந்தகடு எல்லாம் கட்டிக் கொடுப்பார்கள். காசு கொடுத்துப் பாயசம் வாங்கலாம். பசியை யாரிடம் வாங்குவது? பரீட்சகர் "இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை விழிக்கும். அதோடு, பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் காப்பி அடிப்பதற்கு எதிராக விதி போட்டிருக்கிறது. அறிக்கையில் பிறர் எழுத்து 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10-க்குமேல் 40 வரை என்றால் திருத்தி எழுத வேண்டும். 40-க்குமேல் 60 வரை என்றால் ஓராண்டு அறிக்கை கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. கடைக்காரர் ஒரே சரக்கைப் பத்துப் பேருக்கு விற்றிருந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பாலப் பாடத்தையும் மறக்கக்கூடாது. அதில் வாங்கும் மார்க்கு மொத்தத்தில் சேராத இடங்களும் உண்டு. "சேராதே, பிறகு எதற்குப் படிப்பது?" என்று பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதைத் தேறாவிட்டால் பட்டம் நின்றுவிடலாம். மற்ற எல்லாவற்றிலும் தேறி, இந்த ஒன்றுக்காகக் காத்திருப்பது எவ்வளவு கொடுமை!

எல்லாவற்றுக்கும் காலக் கெடு உண்டு. இரண்டு ஆண்டுப் படிப்பை நான்கு ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும் என்பதுபோல் வரம்பு வைத்திருக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பது தவறு.

பாங்கி காத்திராது

அரியர் நின்றால் என்ன, பிறகு எழுதிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம்.

வேலை கொடுக்க வருகிற பல கம்பெனிகள் முதலில் கேட்பது, "அரியர் இருக்கிறதா?" என்பதுதான். இருந்தால் பரீட்சை அறைக்கே விடமாட்டார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் 60 சதவீதம் வேண்டும் என்று கேட்கும் கம்பெனிகளும் உண்டு.

கல்லூரி ஆசிரியராகலாம் என்று நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கு "நெட்" அல்லது "செட்" என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும். எழுதுவதற்கே மேல்பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. ஆகவே பொதுப் பிரிவில் 52 வாங்கித் தேறியவருக்குப் பட்டம் உண்டு. அந்த உத்தியோகம் இல்லை.

அடுத்தது கல்விக் கடன். பாங்கியில் ரூ.4 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கடன் தருகிறார்கள். தகப்பனாரும் கையெழுத்துப் போட வேண்டும். படிப்புக் காலமும் அதற்குமேல் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம். அதன்பின் கட்ட வேண்டும். 2024 ஜூலையில் சேர்ந்த பிள்ளையின் படிப்புக் காலம் 2026 கோடையில் முடிகிறது. 2027 கோடையில் தவணை தொடங்கிவிடும். அரியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலண்டரில் அந்த மாதம் வந்தே தீரும். சொல்லிக் கேட்டால் பாங்கி கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம். வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே நடந்துகொண்டிருக்கும்.

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2½ லட்சத்துக்குள் இருந்தால், பிளஸ்-1 முதல் மேல்பட்டம் வரை மத்திய, மாநில அரசுகளின் உதவித்தொகை உண்டு. கடன் மனு போடுவதற்கு முன்னால் இதற்கு மனு போடுங்கள். இது திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம்.

அட்லாண்டாவில் ஒரு கல்லூரி

அமெரிக்காவில் அட்லாண்டா என்ற நகரில் ஜார்ஜியா டெக் என்ற புகழ்பெற்ற கல்வி நிலையம் இருக்கிறது. 2014 ஜனவரியில் அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸ் மேல்பட்டத்தை இன்டர்நெட் வழியாகத் தொடங்கினார்கள். தொடங்கியபோது மொத்தச் செலவு சுமார் 7,000 டாலர்தான். அந்த நாட்டில் இது மிக மலிவு. நுழைவுப் பரீட்சை கிடையாது. கதவை அகலத் திறந்துவிட்டார்கள். வேலையில் இருப்பவர், குடும்பஸ்தர் என்று ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. முதல் ஓராண்டுக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் "பி" தரம் வாங்கிக் காட்ட வேண்டும். காட்டினால் மேலே படிக்கலாம். மொத்தம் பத்துப் பாடம், 30 கிரெடிட். இவை எல்லாம் சேருமுன்பே எழுத்தில் இருக்கின்றன. யாரும் ஏமாந்தேன் என்று சொல்ல இடம் இல்லை. தன்னால் முடியுமா முடியாதா என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்குள் செலவான பணமும் குறைவு.

அந்த நாட்டு முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அகலமான கதவு வைக்கிறவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் கதவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அது நமக்குப் பிடித்திருக்கிறது.

நாம் கேட்பது

நம் கல்லூரிகளில் கொடுக்கும் விவரப் புத்தகத்தைப் பாருங்கள். வழவழப்பான தாள். கட்டடத்தின் படம், பஸ்ஸின் படம், வேலை கிடைத்தவர்களின் படம் எல்லாம் இருக்கும். தேற 50 மார்க்கு வேண்டும் என்பது இருக்காது. பாலப் பாடம் எந்த நேரத்தில் நடக்கும் என்பது இருக்காது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டே ஆண்டில் முடித்தார்கள் என்ற கணக்கு இருக்கவே இருக்காது.

இந்த மூன்றையும் தமிழில், ஒரே தாளில், பெரிய எழுத்தில் அச்சிட்டு, பணம் வாங்குமுன் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். கல்லூரிகள் தாமாகச் செய்தால் நல்லது. செய்யாவிட்டால் பல்கலைக்கழகம் உத்தரவு போட வேண்டும். விண்ணப்பத்துக்குப் பணம் வாங்குகிறவர்களுக்கு ஒரு தாள் பெரிய செலவு அல்ல.

பாலப் பாடத்தைப் பகலில், சொந்த ஆசிரியர்களைக் கொண்டு நடத்த வேண்டும். முடிந்தால் வகுப்பு தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பே நடத்தலாம். ஓராண்டை எடுத்துக்கொண்டவர்கள் ஆறு வாரமாவது திருப்பிக் கொடுக்கட்டுமே! கம்ப்யூட்டர் படிக்காத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய படிப்பு அது. அந்தப் பிள்ளைகளே அதில் தடுக்கி விழுவது நியாயம் இல்லை.

பெற்றோர்கள் ஜன்னலில் நிற்கும்போது வெட்கப்படாமல் கேளுங்கள். "போன வருஷம் பி.காம். படித்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்? அதில் எத்தனை பேர் முதல் செமஸ்டரில் எல்லாப் பாடத்திலும் தேறினார்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் அங்கே படிக்கிற ஒரு மாணவியைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். அவள் உள்ளதைச் சொல்வாள்.

நம் மஞ்சள் பைக்காரரின் மகள் சேரலாமா, கூடாதா? சேரலாம். பி.காம். படித்தவர்கள் கம்ப்யூட்டரில் பெரிய உத்தியோகத்துக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் அவள் இன்றைக்கே பணம் கட்ட வேண்டாம். கவுன்சலிங்குக்கு இன்னும் சில வாரம் இருக்கும். ஊர் நூலகத்தில் புரோகிராம் சொல்லித்தரும் ஒரு புத்தகம் எடுத்து, தினம் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். பத்து எண்களை வாங்கி, பெரியது எது என்று சொல்லும் ஒரு சின்னப் புரோகிராமைத் தானே எழுதிப் பார்க்கட்டும். அது ஓடியதும் முகத்தில் சந்தோஷம் வந்தால், அடுத்த பஸ்ஸில் அப்பாவும் மகளும் மறுபடி வரட்டும்.